பிரேக்கு மேல இருக்கற காலு

முன்னால மூணு வண்டி நிக்குது, நாலாவது நானு. மழை ஒண்ணும் பெருசா இல்ல, கடுகு வெடிக்கற மாதிரி மேல கொஞ்சம் சடசடங்குது, அப்பறம் சும்மா தூத்தல், மறுபடியும் சடசட. வைப்பரு இக்கட்ட போவுது, அக்கட்ட வருது. என்ற வலது காலு பிரேக்கு மேல இருக்குது. இருக்குதுன்னு நெனைக்கறேன். பெல்ட்டு மாட்டறதுக்கு முந்தி குனிஞ்சு பாத்தேன், இருந்துச்சு. இப்ப தோளுக்கு ரெண்டு, இடுப்புக்கு ரெண்டு, கவட்டிக்கு நடுவுல வேற ஒண்ணுன்னு பூபதி பாடையில கட்டற மாதிரி இழுத்துக் கட்டிப்போட்டான், குனிய வழியில்ல. பாத்தா காலு இருக்குது, பாக்காட்டி இல்ல. முட்டிக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் நானு, அதுக்கும் கீழ யாரோ. வாடகைக்கு வந்தவன் மாதிரி, சத்தமே இல்லாம இருக்கறான், இருக்கறானா காலி பண்ணிட்டானான்னு கதவைத் தட்டிப் பாத்தாத்தான் தெரியும். வண்டி நிக்கற எடம் சித்தே சரிவு, வண்டி உருளல, அப்ப நான் மிதிச்சுட்டுத்தான் இருக்கேன். இப்படிக் கணக்குப் போட்டுத்தான் கண்டுபுடிக்க வேண்டியிருக்குது, என்ற காலு எங்க இருக்குதுன்னு. எட்டாங்கிளாசுல கணக்குல பெயிலாயி ஓடியாந்தவனுக்கு இது தேவைதான்.

இது பூபதிக்குத் தெரியாது. பூபதி என்ற சம்சாரம் சாந்தாமணிக்குத் தம்பி, திருச்செங்கோட்டுல மெக்கானிக் ஷாப்பு வெச்சிருக்கான், இந்த வண்டி பாதி அவன் கையி, பாதி என்ற கிறுக்கு. மழை நாளுல ரேஸ் ட்ராக்கைத் தொறந்து வுட்டாப் போதும், ஊரே ஊட்டுக்குள்ள போர்வைய இழுத்துப் போத்திக்கும், நாங்க ரெண்டு பேரும் வண்டியத் தூக்கிட்டுக் கோயமுத்தூருக்கு வந்துருவோம். ஒரு ட்ரிப்பு நானு, அடுத்த ட்ரிப்பு அவன். அக்காளைக் கட்டிக் குடுத்த பாவத்துக்கு என்னைக் கட்டி மேய்க்கறான். சாந்தாமணிக்கும் தெரியாது. டாக்டருக்குத் தெரியும். சக்கரை நரம்பைத் தின்னுபோடுச்சு, காலு பத்தரம், வண்டி ஓட்டறத நிறுத்திக்கங்கன்னாரு. சரிங்கன்னு எந்திரிச்சு வெளிய வந்து, வண்டியெடுத்துட்டுத்தான் ஊட்டுக்குப் போனேன், நடந்தா போவாங்க. அன்னைக்கு ஒண்ணும் தோணல. அழுவாச்சி வரும்னு பாத்தேன், வரல. கோவம் வரும்னு பாத்தேன், அதுவும் வரல. தேங்கா பன்னு ஒண்ணு வாங்கித் தின்னேன். டேஸ்ட்டா இருந்துச்சான்னு கேட்டா அதுவும் தெரியல. மரமரப்பு காலோட நிக்குமா இல்ல ஏணி வெச்சு மேல ஏறி வருமான்னு டாக்டருகிட்டக் கேட்டிருக்கணும். கேட்டா ஜோக்கடிக்கறேன்னு நெனைச்சிருப்பாரு. என்ற மூஞ்சி அப்படி. எழவு ஊட்டுக்குப் போனாலே என்னையப் பாத்து நாலு பேரு சிரிக்கறான்.

தெரிஞ்சுட்டா இந்த சீட்டுல இருந்து எறக்கிப்போடுவாங்க. அதோட வுட்டாப் பரவால்ல. எங்கய்யனுக்கும் இதே சக்கரைதான், பெத்த அப்பனை அப்படித்தான் எறக்குனாங்க. மொதல்ல டிவிஎஸ்ஸுல இருந்து எறக்குனாங்க, அப்பறம் சைக்கிள்ல இருந்து, அப்பறம் கட்டல்ல இருந்து எறங்க வேண்டாம்னாங்க. சுண்டு வெரலு போச்சு, பக்கத்து வெரலு போச்சு, அப்பறம் பாதி பாதம். எங்கய்யன் அதைத் துணியில சுத்தி வெச்சுட்டு, பாரு சென்னி, செருப்புக் கடைக்காரனுக்கு நான் ஒத்தைச் செருப்புக்குத்தான் ஆளு, அப்படிம்பாரு. அவரு ஜோக்கடிச்சா ஊரே சிரிக்கும். நானும் சிரிச்சேன். சிரிச்சுட்டு ஊட்டுக்குப் பின்னால பொடக்காலிக்குப் போயி மூஞ்சி கழுவிட்டு வந்தேன். இல்ல, கழுவல. போயி சும்மா நின்னேன். அதை ஏன் இப்ப நெனைக்கறேன், முன்னால இருக்கற வெள்ளை வண்டி பிரேக் லைட்டு அணைஞ்சுது, போறானாட்ட இருக்குது. இல்ல, மறுபடி போட்டுட்டான். பயல் விளையாடறான். கொடி புடிச்சுட்டு நிக்கற ஆளு மழைக்கோட்டுக்குள்ள சுருண்டுட்டு யாருகிட்டயோ செல்லுல பேசிட்டு இருக்கறாரு. பேசுங்க சாமி, நல்லாப் பேசுங்க, பொழுது சாயற வரைக்கும் பேசுங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.

எனக்கு எப்பத் தெரிஞ்சுதுன்னா, டீக்கடையில தெரிஞ்சுது. டீக்கடைக்குப் போயி நின்னேன், அங்க இருந்த ஆளுக எல்லாம் என்ற காலையே பாக்கறாங்க. என்னங்கடா புதுப் பொண்ணைப் பாக்கற மாதிரின்னேன். வலது காலுல செருப்பு இல்ல. ரோட்டுல எங்கியோ கழண்டு போச்சு, ஜல்லி கொட்டிக் கெடந்த ரோட்டுல அப்படியே நடந்து வந்திருக்கறேன். ஒத்தைச் செருப்பு போடறது இப்ப ஃபேசனுன்னேன். சிரிச்சாங்க. திரும்பிப் போறப்ப அந்தச் செருப்பு சாக்கடை ஓரமா தனியா உக்காந்திருந்துச்சு, என்னைத் தெரியாத மாதிரி. எடுத்துப் போட்டேன். போட்டதும் தெரியல. அந்தக் காலுதான் எனக்குச் சோறு போட்ட காலு. ஆழ்கெணறு தோண்டற போர் வண்டியில பொடியனா ஏறுனதுல இருந்து அந்தக் காலுதான். மத்தவன் எல்லாம் மேல வர்ற மண்ணைக் கையில அள்ளிப் பாப்பான், மோந்து பாப்பான். நான் செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு வண்டி மேடையில வெறுங்காலோட நிப்பேன். கீழ ஹேமரு அடிக்கறது காலு வழியா வரும். கருங்கல்லுன்னா டங்கு டங்குன்னு குதிகாலுல வரும். பொடிக்கல்லுன்னா வெரலுக்கு நடுவுல கரகரங்கும். கல்லுக்கு நடுவுல வெடிப்பு வந்துச்சுன்னா ஒரு நிமிசம் எதுவுமே வராது, அப்படியே காலு காத்துல நிக்கற மாதிரி இருக்கும், அப்ப சொல்லுவேன், ஒதுங்குங்க, தண்ணி வருதுன்னு. ராஜஸ்தான்ல ஒரு ஊருல பொம்பளைங்க என்ற காலுல பூப்போட வந்துட்டாங்க. தாயீ வேண்டாம், கழுவி நாளாச்சுன்னேன். அவங்களுக்குத் தமிழு தெரியாது, போட்டுட்டாங்க. இப்ப இந்த வண்டி எஞ்சினு ஆடற ஆட்டத்துக்கு சீட்டு நடுங்குது, ஸ்டேரிங்கு நடுங்குது, பல்லு நடுங்குது. காலுக்கு மட்டும் பொங்க நோம்பி லீவு.

வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல, அதை யாரும் சொல்ல முடியாது. பழைய சின்ன வண்டிதான், அம்மா அப்பா ரெண்டு கொழந்தைன்னு கோயிலுக்குப் போறதுக்குப் பண்ணுன வண்டி. பின் சீட்டைப் புடுங்கி எறிஞ்சோம், கோயிலுக்குப் போறவன் பஸ்ஸுல போயிக்கட்டும்னு. உள்ள இரும்புப் பைப்புல கூண்டு கட்டுனோம், வண்டி உருண்டாலும் தலை தப்பிக்கும். எஞ்சினு கம்ப்யூட்டரை மாத்தி எழுதி டர்போவுக்கு ரீமேப்பு போட்டோம், அதுக்கப்பறம் அது மிதிச்சா கேக்கறதில்ல, நெனைச்சாலே ஓடுது. நேத்து முழுக்க மழைக்குன்னு வேலை பாத்தோம். வழுவழுன்னு இருக்கற டயரைக் கழட்டிட்டு, நல்லா ஆழமா வரி வெட்டுன டயரு போட்டோம், தண்ணி அந்த வரி வழியா ஓடிப்போயிரும். சஸ்பென்சன் வெறப்பை பூபதி கொஞ்சம் கொறைச்சான், வெறைச்சுட்டு நின்னா ஈரத்துல வழுக்கிரும் மாமா, மெதுவா தொங்குனாத்தான் ஒட்டும்னான். உங்கக்காகிட்ட நான் அப்படித்தான் ஒட்டிட்டிருக்கறேன்னேன். கண்ணாடி உள்பக்கம் ஆவி புடிக்காம இருக்க ஷாம்பு தேச்சோம், வெளிப்பக்கம் லாரிக்காரன் வித்தை, நனைச்ச பொகையிலையை வெச்சுத் தேச்சுட்டோம், இப்பத் தண்ணி முத்து முத்தா ஓடுது, வண்டிக்குள்ள ஒரே பொகையில நாத்தம். எல்லாத்தையும் அவன் பண்ணுனான். நான் பண்ணுனது ஒண்ணே ஒண்ணு. சாந்தாமணி எக்ஸிபிசன்ல வாங்குன அக்குபிரசர் செருப்பு, அடியில முள்ளு முள்ளா இருக்குமே, அதுல ஒரு துண்டு அறுத்துப் பிரேக் பெடல் மேல ஒட்டிப்போட்டேன். ஷூவுக்கு அடியை வேற செருப்புத் தைக்கறவருகிட்டக் குடுத்து சீவி சீவித் தோசை மாதிரி மெலிசாக்கிட்டேன். பூபதி பாத்துட்டு, இது எதுக்குங் மாமான்னான். ஈரத்துல வழுக்காம இருக்கறதுக்குன்னேன். உங்களுக்கு மட்டும் எப்படிங் மாமா இப்படியெல்லாம் தோணுதுன்னு அப்படியே நின்னான். அவனுக்கு என் மேல ஒரு மதிப்பு. சாந்தாமணி ஒத்தைச் செருப்பைக் காணோம்னு இன்னும் கட்டலுக்கு அடியில தேடிட்டு இருக்கறா. முள்ளு ஒண்ணும் தெரியல. மொத நாளு லேசாத் தெரியற மாதிரி இருந்துச்சு. தெரியணும்னு நெனைச்சதுனால தெரிஞ்சிருக்கும்.

கொடி ஆடுது. மொத வண்டி போச்சு, ரெண்டாவது போச்சு, வெள்ளை வண்டி தண்ணியை என் மூஞ்சியில அடிச்சுட்டுப் போறான். எடது காலு கிளட்ச்ச வுடுது, எடது காலு இன்னும் நம்மாளு, கொஞ்சம் மந்தம், ஆனா நம்மாளு. வலது காலைத் தொடையில இருந்து தூக்கி வலதுபக்கமா வெக்கறேன், கிணத்துல வாளி எறக்கற மாதிரி. எஞ்சினு சத்தம் ஏறுது, அப்ப ஆக்ஸிலேட்டரு மேலதான் உக்காந்திருக்குது. சரி. போலாம். நேர் ரோடு. தண்ணி எல்லாம் பஞ்சு மாதிரி பறக்குது, வெள்ளை வண்டி தெரியல, அவன் பின் லைட்டு செகப்பா ஒரு பொட்டு மட்டும் தெரியுது. ரெண்டாவது கியரு, மூணாவது. டர்போ பாம்பு மாதிரி சீறுது. இந்த எடத்துல போன வருசம் எனக்கு ஒண்ணுக்கு வர்ற மாதிரி இருக்கும், வாயில பொரி பொரின்னு கெட்ட வார்த்தை வரும், ஹெல்மெட்டுக்குள்ள நானே சிரிச்சுக்குவேன். இப்ப பாங்கியில க்யூவுல நிக்கற மாதிரி இருக்குது. வேகமாப் போற க்யூ. நாலாவது கியரு. ஓரத்துல போர்டு வருது, இங்க பிரேக்கு. காலைத் தூக்கி எடதுபக்கம் வெச்சு அமுத்தறேன். நெஞ்சு பெல்ட்டுல போயி அமுந்துனா பிரேக்கு புடிக்குதுன்னு அர்த்தம், இதுதான் இப்ப நான் கண்டுபுடிச்சு வெச்சிருக்கற புது முறை. நெஞ்சு அமுந்துச்சு. நல்லா அமுந்துச்சு. அப்பறம் எஞ்சினும் கத்துது. பிரேக்கும் புடிக்குது, எஞ்சினும் கத்துது, ரெண்டும் ஒண்ணா. இது என்ன கெரகம்னு நெனைக்கறேன், நெனைச்சுட்டே போறேன், அப்பத்தான் வெளங்குது, பாதி பாதம் பிரேக்கு மேல, மீதிப் பாதம் ஆக்ஸிலேட்டரு மேல. ஸ்டேரிங்கைத் திருப்புனா வண்டி திரும்பல. நேரா போவுது. பரிசல் மாதிரி, அமைதியா, அலுங்காம போவுது. முன்னால வளைவுக்கு அந்தப் பக்கம் ஆரஞ்சுக் கோட்டு போட்டுட்டு ஒரு ஆளு நிக்கறாரு, கையில கொடி, இன்னொரு கையில டீ. டம்ளரை வாயில வெச்சுட்டு என்னையப் பாக்கறாரு. நானும் அவரைப் பாக்கறேன். மீசை வெச்சிருக்கறாரு. ஓரமா கொஞ்சம் நரைச்சிருக்குது. முட்டியோட காலை இழுத்துத் தூக்கிட்டேன், ரெண்டு பெடல்ல இருந்தும். முன் டயரு புடிச்சுது. வண்டி திரும்புச்சு, ரெண்டு சக்கரம் புல்லுல ஓடி, சேத்தை வாரியடிச்சுட்டு மறுபடி ரோட்டுல ஏறுச்சு. கண்ணாடியில பாத்தேன். அவரு ரெண்டு எட்டு பின்னால போயி நின்னுட்டு டம்ளருக்குள்ள எட்டிப் பாக்கறாரு, டீயில சேறு வுழுந்திருக்கும்.

பயம் வரல. அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பாத்துட்டு இருக்கறேன். மெதுவாப் போறேன், ரெண்டாவது கியருல, மாட்டு வண்டி வேகத்துல, எல்லாரும் என்னைத் தாண்டிப் போறாங்க, ஒருத்தன் கையைக் காட்டிட்டுப் போறான், நான் உள்ள கையை வுட்டு நெஞ்சைத் துழாவற மாதிரி பயத்தைத் தேடறேன். ஒரு மனுசனை இடிச்சிருப்பேன். மீசை வெச்ச மனுசன். அவருக்கும் ஒரு சாந்தாமணி இருப்பா, அவளும் கட்டலுக்கு அடியில என்னத்தையோ தேடிட்டு இருப்பா. இதெல்லாம் நெனைச்சா கையி நடுங்கணும். கையி நல்லாத்தான் இருக்குது, மாப்பிள்ளை மாதிரி. சரி, எடது காலுல பிரேக்கு மிதிச்சுப் பாப்போம்னு மிதிச்சேன், அதுக்குக் கிளட்ச்சு ஒண்ணுதான் தெரியும், ஒரே அமுக்கு அமுக்குச்சு, வண்டி குப்புற வுழுந்து கும்புடற மாதிரி நின்னுருச்சு. பின்னால வந்தவன் ஹாரன் அடிச்சுட்டே சுத்திப் போனான். போ சாமி. நாலு லைட்டையும் போட்டுட்டு ஓரமாவே ஊந்து வந்தேன். வர்ற வழி பூரா ஒரே ஒரு யோசனைதான், பூபதிகிட்ட என்ன சொல்றது. டீ குடிச்சுட்டு நின்னவரைப் பத்தி யோசிக்கல. என்ன சொல்றதுன்னுதான் யோசிச்சேன். அது எனக்கே நல்லாத் தெரிஞ்சுது, தெரிஞ்சும் யோசனை அங்கியே போயி அங்கியே நின்னுச்சு, பாட்டுத் தட்டுல முள்ளு மாட்டுன மாதிரி.

ஷெட்டுக்குள்ள வண்டியை வுட்டதும் பூபதி ஓடி வந்தான். ஏனுங் மாமா, ஒரு ரவுண்டுதான ஆச்சுன்னான். பெடலு மெதுமெதுன்னு இருக்குது மாப்ள, பிரேக்கு சரியில்லன்னேன். வாயி தானா சொல்லுச்சு. வாயி எப்பவும் எனக்கு முந்தியே போயி எடம் புடிச்சு வெச்சிரும். அவன் மூஞ்சி செத்துப்போச்சு. நேத்துத்தானுங் எல்லாம் பாத்தேன்னான். பிரேக்கு அவன் போட்டது. அவனோட வேலையில குத்தம் சொல்லிட்டேன்னு அப்பத்தான் தெரியுது, ஆனா சொன்னது சொன்னதுதான், அள்ள முடியாது. நீங்க உசுரோட வந்தீங்களே அது போதும் மாமா, பிரேக்கு ஆயிலு போற லைன்ல காத்து பூந்திருக்கும், ஏரு எடுத்தர்றேன்னு வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி சக்கரத்தைக் கழட்டறான். தண்ணி ஓடற தரையில மல்லாக்கப் படுத்துட்டான். சட்டை நனையுது. நல்ல பிரேக்குக்கு வைத்தியம் பாக்கறான். நான் நின்னு பாக்கறேன். சொல்லு சென்னி, இப்பச் சொல்லு. வாயைத் தொறந்தேன். மாப்ள, என்ற காலு சொல்லாமக் கொள்ளாம லீவு போட்டுட்டுப் போயிருச்சுடான்னேன். அவன் கீழ இருந்து சிரிக்கறான். காலு மட்டுமாங் மாமா, உங்களுக்கு மூளையே பாதி நாளு லீவுதானங், ஏறி உக்காந்து பெடலை மிதிங்கன்னான்.

ஏரு எடுக்கறது ரெண்டு ஆளு வேலை. ஒருத்தன் உள்ள உக்காந்து பிரேக்கை மிதிச்சுப் புடிச்சுக்கணும், ஒருத்தன் சக்கரத்துக்கிட்ட நிப்பிளைத் தொறந்து வுடுவான், ஆயிலோட காத்து வெளிய வரும், அவன் மூடற வரைக்கும் மிதிச்சவன் காலை எடுக்கக் கூடாது. எடுத்தா, வெளிய இருக்கற காத்து உள்ள போயிரும். சின்னக் கொழந்தைக்குக் கூடத் தெரியும். உக்காந்தேன். மூணு வாட்டி மிதிச்சுப் புடிங்க மாமா. மிதிச்சேன், புடிச்சேன். புடிச்சீங்களா? புடிச்சிருக்கேன். தொறந்தான், மூடுனான். வுடுங்க. பின்னாடி ரெண்டு சக்கரமும் பாத்தான், துளி காத்து இல்லீங்க மாமான்னான், கொரலு கொஞ்சம் தெளிஞ்சுது. நல்லவேளை, பின் சக்கரத்துக்கு மிதிக்கறப்ப நான் கண்ணைக் கீழயே வெச்சுக் காலைப் பாத்துட்டே இருந்தேன். முன் சக்கரத்துக்கு வந்தான். மிதிச்சுப் புடிங்க. புடிச்சிருக்கேன்னேன். அந்த நேரம் பாத்து வெளிய ஒரு வண்டி கத்திட்டுப் போச்சு, தலையைத் தூக்கிப் பாத்தேன். அந்த ஆரஞ்சுக் கோட்டு ஆளு ஷெட்டுப் பக்கம் வர்றாரா என்னன்னு பாத்தேன். வரல. மழைதான் வருது. புடிச்சிருக்கேன், புடிச்சிருக்கேன் மாப்ளன்னு சொல்லிட்டே இருக்கறேன். காத்து வருதுங் மாமான்னான். மறுக்கா மிதிங்க. அட, பொங்கிட்டு வருதுங், நீங்க சொன்னது சரிதான், எனக்குத்தான் தெரியாமப் போச்சு. கீழ பாத்தேன். காலு பெடலு மேல இல்ல. பெடலுக்குப் பக்கத்துல, கீழ ரப்பரு மேட்டு மேல, வெயிலுக்குப் படுத்த நாயி மாதிரி சாஞ்சு கெடக்குது. எப்ப வழுக்குச்சு தெரியல. ஒரு தடவையா, ரெண்டு தடவையா, தெரியல. அது முன்னயே இருந்த காத்து இல்ல. இப்பப் போன காத்து. நான் உள்ள வுட்ட காத்து. பொய்யிக்கு ஒரு உசுரு குடுத்து உள்ள அனுப்பிட்டேன்.

போதும் மாமா, நின்னுருச்சுன்னான். நின்னிருக்காது. நேரம் போயிட்டு இருக்குது, இன்னும் சித்தே நேரத்துல இந்த பேட்ச்சு வண்டிகளுக்கு ட்ராக்கை மூடிருவாங்கன்னு அவனுக்கு அவசரம். சக்கரத்தை மாட்டுனான், போல்ட்டு முறுக்குனான், ஆயிலு ஊத்துனான். நீங்க எறங்குங்க மாமா, நான் ஒரு ரவுண்டு போயி டெஸ்ட் பண்ணிட்டு வந்தர்றேன், சரியில்லாத வண்டியை உங்ககிட்டக் குடுத்துட்டேன், அக்காகிட்ட நான் என்ன பதில் சொல்றதுன்னு ஹெல்மெட்டை மாட்டறான். எறங்குனேன். அவன் ஏறி உக்காந்து மூணு வாட்டி பம்பு அடிச்சுப் பாத்தான். இப்பக் கல்லு மாதிரி இருக்குதுங்கறான். மூணு வாட்டி பம்பு அடிச்சா காத்து இருந்தாலும் கல்லு மாதிரிதான் இருக்கும், இது அவனுக்குத் தெரியாததா, ஷாப்புல ஆளுகளை இதுக்கே திட்டறவன். அந்த நேர் ரோட்டு முடிவுல, அந்தப் போர்டுகிட்ட, பம்பு அடிக்க ஏது நேரம், ஒரே மிதி, பெடலு நேரா தரைக்குப் போயிரும். அங்க அந்த மீசைக்காரரு வேற டீ வாங்கிட்டு வந்து நின்னுட்டு இருப்பாரு. பூபதி பெல்ட்டை இழுத்து மாட்டறான். ஸ்டார்ட் பண்ணிட்டான். போகாத மாப்ளன்னேன். ஏனுங்? போகாதடா. ஹெல்மெட்டுக்குள்ள கண்ணு சிரிக்குது, என்னமோ ஜோக்கு வருதுன்னு காத்திட்டு இருக்கறான். இருவத்தஞ்சு வருசமா என்ற வாயைப் பாத்தே சிரிச்சுப் பழகுன பய. நான் நெசத்தைச் சொன்னாலும் சிரிப்பான், செத்துக் கெடந்தாலும் சித்தே இருங்க, எந்திரிச்சு ஒண்ணு சொல்லுவாருன்னு காத்திட்டு நிப்பான்.

கையை உள்ள வுட்டு சாவியைத் திருப்பி அணைச்சேன். சாவியை எடுத்துப் பாக்கெட்டுல போட்டுட்டேன். மாமா, என்னங் பண்றீங்கன்னான். கதவைத் தொறந்து, அந்த ஈரத் தரையிலியே உக்காந்தேன். ஷூ லேசை அவுக்க வரல, முடிச்சு நனைஞ்சு இறுகிப்போச்சு, அப்படியே புடிச்சு உருவுனேன். சாக்ஸையும் உருவுனேன். பாதம் வெள்ளையா, ஊறிப்போயி, கடையில தொங்கற எதுவோ மாதிரி இருந்துச்சு. ரெண்டு கையிலயும் தூக்கி அவன் மடியில வெச்சேன். ஐயோ மாமா, என்னங் இது, காலை எடுங்க, யாராச்சும் பாக்கப் போறாங்கன்னான். க்ளவுஸைக் கழட்டு, கிள்ளுன்னேன். வெளையாடாதீங் மாமா. வெளையாடல, கிள்ளு, உங்கக்கா மேல சத்தியமா, நகம் வெச்சு நல்லாக் கிள்ளு. அவன் ஹெல்மெட்டைக் கழட்டுனான். என்னையப் பாத்தான். அப்பறம் க்ளவுஸைக் கழட்டுனான். என்னால அவன் மூஞ்சியப் பாக்க முடியல, நான் வெளிய பாத்துட்டேன். ட்ராக்குல வண்டிக போயிட்டு இருக்குது, ஒவ்வொண்ணும் தண்ணியைத் தூக்கிப் பின்னால வீசிட்டுப் போவுது, வெள்ளை வண்டிக்காரன் நல்லா ஓட்டறான், அந்த வளைவுல எந்த எடத்துல பிரேக்கு அடிக்கணும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்குது. மழை கொஞ்சம் வெறிச்ச மாதிரி இருந்துச்சு, மறுபடி புடிச்சுது. தரையில ஓடற தண்ணி பேண்டுக்குள்ள பூந்து குளுகுளுன்னு இருந்துச்சு, அது தெரியுது, இடுப்புல எல்லாம் தெரியுது. காத்திருந்தேன். கிள்ளு வுழுவட்டும்னு.

என்ன மாப்ள, கூச்சப்படற, புதுப் பொண்ணு காலா, கிள்ளுடான்னேன்.

கிள்ளிட்டுத்தானுங் மாமா இருக்கறேன்னான்.